ஊதா வெளிச்சக் கருவி: பரு போகுமா, பணம் போகுமா?

போன இதழில் பரு பற்றிய ஒரு பதிலில் ‘ஹை ஃப்ரீக்வென்சி’ என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. கைக்கு அடக்கமான கைப்பிடி, முனையில் ஒரு கண்ணாடிக் குழல், சுவிட்சைப் போட்டால் ஊதாவாகவோ ஆரஞ்சாகவோ ஒளிரும், முகத்தில் வைத்தால் சிர்ரென்று சத்தம் வரும், அந்தக் கருவிதான். பார்லரில் பல வருடம் அதைக் கையில் பிடித்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய விஷயமாக இருந்தால் அதையும் சொல்லிவிடுவேன்.

மேடம், பரு, சுருக்கம், கருவளையம், முடி உதிர்வு எல்லாவற்றையும் இந்த ஒரே கருவி சரி செய்யும் என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். உண்மையில் இது என்னதான் செய்கிறது? வாங்கலாமா?
*குழம்பிப்போன வாசகி*

விளம்பரத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கைப்பிடிக்குள் இருப்பது ஒரு சின்ன டெஸ்லா சுருள். பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தின் வோல்ட்டைப் பல ஆயிரமாக ஏற்றி, விநாடிக்குப் பல்லாயிரம் தடவை, சில கருவிகளில் லட்சக்கணக்கான தடவை திசை மாறும்படி செய்து அனுப்புவது அதன் வேலை. நிகோலா டெஸ்லா அதை உருவாக்கியது 1891ல், ஆக இது ஒன்றும் புத்தம்புதிய கண்டுபிடிப்பு இல்லை. வோல்ட் அத்தனை அதிகம் என்றதும் பயந்துவிடாதீர்கள், ஓடும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு, அதோடு இவ்வளவு வேகமாகத் திசை மாறும் மின்சாரத்துக்கு ஈடுகொடுத்து நம் நரம்பாலும் தசையாலும் துடிக்க முடியாது. ஷாக் அடிக்காததற்கு அதுதான் காரணம். தார்சோன்வால் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை 1890களிலேயே சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

விஷயம் முழுக்க நடப்பது கண்ணாடிக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில். அதைத் தாண்டிக் குட்டிக் குட்டிப் பொறிகள் பாய்கின்றன, பாயும் இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனில் கொஞ்சம் ஓசோனாக மாறுகிறது, தோல் லேசாகச் சூடாகிறது, ரத்த ஓட்டம் கூடி முகம் சிவக்கிறது. ஓசோனுக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. அதனால் சீழ் கோத்து நிற்கும் ஒன்றிரண்டு பருக்கள் இதை வைத்த மறுநாள் வற்றிப்போயிருப்பதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் அது என் கண்ணால் பார்த்தது, அவ்வளவுதான். தானாகவே வற்றியிருக்கக்கூடிய பருவும் அதில் எத்தனையோ இருந்திருக்கும். இந்தக் கருவியை வைத்துச் செய்த தரமான மருத்துவ ஆய்வுகள் மிகக் குறைவு. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன், சாலிசிலிக் ஆசிட் என்ற பரு மருந்துகளுக்கு இருக்கும் சான்றின் பக்கத்தில்கூட இது வந்து நிற்க முடியாது.

சுருக்கம்? வைத்து முடித்ததும் முகம் கொஞ்சம் உப்பி, சிவந்து, பளிச்சென்று இருக்கும், கண்ணாடியில் பார்த்தால் ‘அட’ என்று தோன்றும். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள், பழைய முகம் திரும்ப வந்திருக்கும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்தப் பளபளப்பு போதும் என்றால் சரி, சுருக்கம் போகும் என்று நம்பி வாங்காதீர்கள். கருவளையத்துக்கும் அதே பதில்.

ஒரு சுவாரசியம் சொல்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கருவி ‘ஊதாக் கதிர்’ என்ற பெயரில் வெளிநாடுகளில் வீடு வீடாக விற்றது. தலைவலி, மூட்டுவலி, வழுக்கை, நரம்புத் தளர்ச்சி, எதைச் சொன்னாலும் குணமாகும் என்றார்கள். அமெரிக்காவில் 1938ல் வந்த சட்டம் மருத்துவக் கருவிகளையும் எஃப்.டி.ஏ. என்ற உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கண்காணிப்பில் கொண்டுவந்த பிறகு பறிமுதல், வழக்கு என்று அந்த வியாபாரம் படுத்துவிட்டது. இன்றைய விளம்பரப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழைய பட்டியல்தான் ஞாபகம் வருகிறது, நரம்புத் தளர்ச்சியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

ஊதா நிறக் குழல் நல்லதா, ஆரஞ்சு நிறக் குழல் நல்லதா? என் தோழி ஆரஞ்சுதான் சுருக்கத்துக்கு என்கிறாள்.
*கல்லூரி மாணவி*

குழலுக்குள் ஆர்கான் வாயு இருந்தால் ஊதா, நியான் இருந்தால் ஆரஞ்சு. பருவுக்கு ஊதா, வயதான தோலுக்கு ஆரஞ்சு என்று பார்லரில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நாங்களும் அப்படியே வாடிக்கையாளர்களிடம் ஒப்பித்தோம். வேலை செய்வது வெளியே பாயும் பொறி, உள்ளே ஒளிரும் வாயுவின் நிறம் வெறும் வெளிச்சம். எல்.இ.டி. முகமூடிகளில் வரும் நீல ஒளி, சிவப்பு ஒளி சிகிச்சையெல்லாம் வேறு கதை, குறிப்பிட்ட அலைநீளத்தில், குறிப்பிட்ட அளவில் கொடுப்பது. நிறம் ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காக இதையும் அதையும் முடிச்சுப் போட வேண்டாம். ஊதா நிறத்தைப் பார்த்துப் புறஊதாக் கதிர் என்று பயந்து எழுதியிருந்த இரண்டு பேருக்கும் இதே பதில்.

இணையத்தில் தேடினால் ஆர்.எஃப்., மைக்ரோ கரன்ட், பிளாஸ்மா, ஹை ஃப்ரீக்வென்சி என்று ஒரே மாதிரிப் படங்களாக வருகின்றன. எது எது என்று எப்படிப் பார்த்து வாங்குவது?
*அலுவலகம் போகும் ஒரு அம்மா*

நல்ல கேள்வி. ஏனென்றால் ஒன்றை நினைத்து இன்னொன்றை வாங்கியவர்கள் ஏராளம். ஆர்.எஃப். என்ற ரேடியோ அலைக் கருவிக்கு உலோக முனை இருக்கும், ஜெல் தடவித்தான் தேய்க்க வேண்டும், அது தோலின் உள்ளடுக்கைச் சூடாக்குவது. மிக மெல்லிய மின்சாரம் விடும் மைக்ரோ கரன்ட்டுக்கும் ஜெல் வேண்டும், பெரும்பாலும் இரண்டு உருண்டை முனைகள் இருக்கும். ஒளிரும் கண்ணாடிக் குழல் இருந்து, ஜெல் இல்லாமல் வைப்பது என்றால் அது ஹை ஃப்ரீக்வென்சி. ‘பிளாஸ்மா பேனா’ என்று ஊசி முனையோடு வருகிறதே, அதை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அது மரு, மச்சத்தைப் பொசுக்குகிற சாமான், மச்சம் எது, புற்றுநோய் எது என்று தெரியாமல் எரிப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது திருகை. அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு, அடிமட்டம் வரை மெதுவாக இறங்க வேண்டும். ஆன், ஆஃப் மட்டும் உள்ள கருவி என்றால் வேண்டவே வேண்டாம். அடுத்தது வோல்ட். 110 வோல்ட்டுக்குச் செய்த கருவியை 220, 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் என்ன ஆகும் என்பதைக் கருகிய வாசனையை வைத்துத் தெரிந்துகொண்டவள் நான். கைப்பிடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், பெட்டியில் இருப்பதை நம்ப வேண்டாம். குழல் கைப்பிடிக்குள் ஆடாமல் உட்கார வேண்டும், லொடலொடவென்று ஆடினால் உள்ளேயே பொறி தட்டும்.

குழல்கள் நான்கு வந்தாலும் பத்து வந்தாலும் நீங்கள் பயன்படுத்தப்போவது இரண்டுதான். கன்னம், நெற்றிக்குக் காளான் வடிவக் குழல், தனிப் பருவுக்கு முனை வளைந்த சின்னக் குழல். மீதியெல்லாம் டப்பாவை நிரப்ப.

‘எஃப்.டி.ஏ. பதிவு பெற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பதிவு என்பது கம்பெனி தன் பெயரையும் பொருளையும் அங்கே எழுதி வைப்பது. பொருளைப் பார்த்துச் சரி என்று அனுமதி கொடுப்பது வேறு. ஐரோப்பியச் சந்தைக்கான சி.இ. முத்திரையும் பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே ‘விதிகளுக்கு உட்பட்டது’ என்று சொல்லிக்கொள்வதுதான், தரப் பரிசு மாதிரி நினைக்க வேண்டாம்.

வாங்கிவிட்டேன். கூட வந்த தாளில் நான்கு வரிதான் இருக்கிறது. முகத்தில் வைக்கப் பயமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?
*டப்பாவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பவள்*

பயம் இருக்கிறதா, நல்லது, அதோடேயே தொடங்குங்கள். முகத்தைக் கழுவி ஈரமில்லாமல் ஒற்றிக்கொள்ளுங்கள். கம்மல், மூக்குத்தி, சங்கிலி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், பொறி உலோகத்தைத் தேடிப் போகும். டோனர், சென்ட், ஹேர் ஸ்பிரே எதுவும் இருக்கக் கூடாது, அவற்றிலுள்ள ஆல்கஹால் பொறி பட்டால் தீப்பிடிக்கும், இது மிகைப்படுத்திச் சொல்வது இல்லை. ‘சீரம் தடவிவிட்டு வைத்தால் உள்ளே இறங்கும்’ என்று வீடியோ போடுகிறார்களே, அதையும் மறந்துவிடுங்கள். சீரம் எல்லாம் பிறகு, முகம் ஆறிய பிறகு.

பிளக்கில் சொருகும் முன்பே குழலைக் கைப்பிடியில் பொருத்துங்கள். திருகு பூஜ்யத்தில் இருக்கட்டும். இப்போது சுவிட்சைப் போட்டு, குழல் மங்கலாக ஒளிரும் வரை மட்டும் திருகைத் திருப்புங்கள். முகத்துக்குக் கொண்டுபோகும் முன் முன்கையின் உட்புறத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் முகம்.

இனி சொல்வது எந்தத் தாளிலும் இருக்காது, எனக்குக் கற்றுக்கொடுத்த அக்கா சொன்னது. குழலைத் தோலில் வைக்கும் முன் உங்கள் இன்னொரு கையின் ஆள்காட்டி விரலைக் கண்ணாடியின் மேல் வையுங்கள். விரலோடு சேர்த்தே குழலைக் கன்னத்தில் பதியுங்கள். கண்ணாடி நன்றாகப் பதிந்த பிறகு விரலை எடுத்துவிடுங்கள். விரல் இருக்கும்வரை மின்சாரம் அதன் வழியே போய்க்கொண்டிருக்கும், அதனால் முதல் தொடுகையில் வரும் அந்தச் ‘சுள்’ வராது. எடுக்கும்போதும் அப்படியே, விரலை வைத்துவிட்டு எடுக்கலாம், அல்லது திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சுவிட்சை அணைத்துவிட்டு எடுக்கலாம். நான் கற்றுக்கொண்ட புதிதில் அவசரத்தில் அணைக்காமல் உதட்டோரத்திலிருந்து சட்டென்று எடுத்தேன், எறும்பு கடித்ததுபோல ஒரு பொறி, இரண்டு நாள் அந்த இடம் எரிந்தது.

வெறும் தோலில் கண்ணாடி இழுபடும், தடைபட்டுத் தடைபட்டு நகரும், நின்ற இடத்தில் பொறி கூடும். அதனால் முகத்தின் மேல் மெல்லிய, காய்ந்த காஸ் துணியை விரித்து அதன் மேல் நகர்த்துங்கள். துணியின் கனத்தால் பொறிக்கான இடைவெளியும் கூடும், இடைவெளி கூடினால் பொறி சுடும், ஆகவே திருகை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன வட்டமாக, நிற்காமல், கண்ணுக்கும் இமைக்கும் தள்ளியே. முதல் தடவை முகம் முழுவதற்கும் மூன்று நிமிடம், பழகிய பிறகும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள். தனிப் பரு என்றால் வளைந்த குழலை அதன் மேல் பத்து விநாடி தொட்டு வைத்தாலே போதும்.

அக்கா, நான் ஒரு மாதமாகத் தினமும் 20 நிமிடம் வைத்தேன். பருவைப் பொசுக்கலாம் என்று குழலைத் தூக்கித் தூக்கிப் பொறி விட்டேன். பரு போய்விட்டது, ஆனால் அந்த இடங்களில் கறுப்பாகத் தழும்பு. என்ன செய்வது?
*வருத்தத்தில் ஒரு தங்கை*

நிறுத்து தங்கச்சி, முதலில் அந்தக் கருவியை எடுத்து உள்ளே வை. நீ செய்தது பருவுக்கு வைத்தியம் இல்லை, தோலுக்குச் சின்னச் சின்னச் சூடு. குழலைத் தூக்கத் தூக்கப் பொறி நீளமாகும், சுடும். தோல் புண்பட்டு ஆறும்போது அந்த இடத்தில் நிறமி அதிகமாகச் சுரந்து கறுத்துப்போகிறது. மாநிறமும் கறுப்புமான நம் போன்ற தோலில் இது இன்னும் சுலபமாக வரும், இன்னும் மெதுவாகப் போகும்.

மேலே சொன்னது தழும்பு தட்டையாக இருந்தால். தட்டையான கறை பெரும்பாலும் மங்கிவிடும், ஆனால் வாரங்கள் இல்லை, மாதங்கள் ஆகும். பகலில் சன்ஸ்கிரீன் விடாமல் போடு, இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் கிடைத்தால் இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறையைக் கறுக்க வைக்கும், அதை அது தடுக்கும். தேய்க்காதே, கிள்ளாதே, எலுமிச்சை மாதிரி எதையும் பூசாதே. அசெலாயிக் ஆசிட் களிம்பு பருவுக்கும் கறைக்கும் சேர்த்து உதவும், தோல் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கு. கறை பள்ளமாகவோ மேடாகவோ இருந்தால், நீர் வடிந்தால், கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே அவரிடம் போய்விடு.

அம்மாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். என் கருவியைப் பார்த்துவிட்டு தனக்கும் வேண்டும் என்கிறார். ஒரே ஒரு தடவை வைக்கலாமா?
*அம்மா செல்லம்*

கூடாது. ஒரு தடவைகூடக் கூடாது. நீங்கள் வைக்கும்போதும் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டாம், வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் அவருடைய இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இந்தக் கருவி மின்காந்த இரைச்சலை அள்ளித் தெளிக்கும் சாமான், பக்கத்தில் ரேடியோ வைத்தால் கரகரவென்பதிலிருந்தே தெரியும்.

இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றித் தனித்தனியாக ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். உடம்பில் பொருத்திய மின்கருவி எதுவாக இருந்தாலும், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி உட்பட, வேண்டாம். கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள், முகத்தில் உலோகத் தகடோ திருகோ வைத்தவர்கள் வேண்டாம். வெட்டுக் காயம், வெயிலில் எரிந்த தோல், உதட்டோரக் கொப்புளம், முகம் சிவந்தே இருக்கும் ரோசேஷியா நோய், என்னவென்று தெரியாத மச்சம் இருக்கும் இடத்தில் வேண்டாம். கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்களின் தோல் காய்ந்து மெலிந்திருக்கும், அவர்களும் வேண்டாம். முகத்தில் போட்டாக்ஸ், ஃபில்லர் போன்ற அழகு ஊசி போட்டிருந்தால் போட்டவரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

தலையில் சீப்பு மாதிரி ஒரு குழல் வைத்தால் முடி வளரும் என்கிறார்களே? எனக்கு 26 வயது, முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது.
*கவலையில் ஒரு தம்பி*

தம்பி, சீப்புக் குழலை வைத்தால் தலை சுறுசுறுவென்று சுகமாக இருக்கும், நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். முடி வளர்ந்ததற்கு நல்ல சான்று எதுவும் இல்லை. இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் லேசர் சீப்பு. முடிக்கென்று ஒரு லேசர் சீப்புக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2007ல் அனுமதி கொடுத்தது, அந்தச் செய்தியை வெட்டி இந்தக் கண்ணாடிச் சீப்பின் மேல் ஒட்டி விற்கிறார்கள். அது வேறு, இது வேறு. நெற்றி ஏறுவது பரம்பரை வழுக்கையாக இருந்தால் சீக்கிரம் தொடங்கினால்தான் மருந்து கைகொடுக்கும். மினாக்சிடில் என்ற தலையில் தடவும் மருந்து 1988லிருந்தே ஆண்களுக்கு இருக்கிறது. சீப்பை நம்பி ஒரு வருடத்தை விட்டுவிடாமல் இந்த மாதமே தோல் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், மினாக்சிடில் திரவத்தில் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும், அதைத் தடவிய தலையில் இந்தக் குழலை வைக்கவே கூடாது.

என் மகளுக்கு 13 வயது, நெற்றி முழுக்கப் பொரிப்பொரியாகப் பரு. அவளுக்கு வைக்கலாமா?
*ஒரு தாய்*

வேண்டாம். இந்த வயதுப் பரு உள்ளேயிருந்து ஹார்மோனால் வருவது, மேலே பொறி விட்டு நிற்காது. மென்மையான ஃபேஸ் வாஷ், நெற்றியில் விழும் எண்ணெய் முடியைத் தூக்கிக் கட்டுவது, இதிலேயே பாதி பலன் தெரியும். தழும்பு விழ ஆரம்பித்தால் டாக்டர்.

கருவியைப் போட்டதும் ஒரு மாதிரி வாடை வருகிறது. கெட்டுவிட்டதா?
*மூக்கு கூர்மையானவர்*

கெடவில்லை, அது ஓசோன். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றால் வருமே, அதே வாடை. ‘ஓசோன்’ என்ற பெயரே வாசனையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். தோலுக்கு என்ன செய்கிறதோ, நுரையீரலுக்கு அது எரிச்சல். ஜன்னலைத் திறந்து வைத்து உபயோகியுங்கள், மூக்குக்குக் கீழே நேரம் கடத்தாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் இந்தக் கருவியே வேண்டாம். வாடை கருகின பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்குங்கள்.

குழலை எப்படிச் சுத்தம் செய்வது? தண்ணீரில் கழுவினேன், இப்போது ஒரு குழல் ஒளிரவே மாட்டேன் என்கிறது.
*கை பரபரப்பவர்*

உலோக மூடி இருக்கும் அடிப்பக்கம் தண்ணீரில் முங்கவே கூடாது. வெந்நீரில் கொதிக்க வைப்பதும் கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கண்ணாடியை மட்டும் துடைத்து, பிறகு ஆல்கஹால் பஞ்சால் ஒரு தடவை துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு எடுத்து வையுங்கள். அக்கா தங்கையாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு குழல்.

ஒளிராத குழலுக்கு வருவோம். நன்றாகக் காய வைத்துவிட்டு வேறு குழலைப் பொருத்திப் பாருங்கள். அது ஒளிர்ந்தால் கருவி நன்றாக இருக்கிறது, பழைய குழலில் எங்கோ மயிரிழை விரிசல் விழுந்து வெளிக்காற்று உள்ளே புகுந்துவிட்டது. விரிசல் கண்ணுக்குத் தெரியாது, இருட்டில் வைத்தாலும் தெரியாது, நகத்தை மெதுவாக ஓட்டினால் சில நேரம் தட்டுப்படும். அந்தக் குழலை இன்னொரு தடவை முயற்சி பண்ணலாமா என்று பார்க்காதீர்கள், முகத்தின் மேல் உடைந்தால் கண்ணாடிச் சில்லு. நாலைந்து மடிப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதிக் குப்பையில் போடுங்கள், அள்ளுகிறவர் கையைக் கிழித்துவிடக் கூடாது.